கைப்பேசிப் பாடமும் கைவேலையும்

பாலாற்றங்கரையிலுள்ள ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தை ஆய்வு செய்ய அண்மையில் சென்றிருந்தோம். காரியதரிசி இளைஞர், சுறுசுறுப்பானவர், பேரேடுகளை ஒழுங்காக வைத்திருப்பவர். அலுவலகச் சுவரில் சட்டமிட்ட சான்றிதழ்கள் ஏழு தொங்கின. யாவும் இணையவழிப் பயிற்சிகளில் அவர் தேறியமைக்காகக் கிடைத்தவை. அவற்றுள் ஒன்று கணினிப் பாதுகாப்பைப் பற்றியது. அதைப் படித்து மகிழ்ந்து திரும்பினால், எதிரே இருந்த கணினித் திரையின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. அங்கத்தினர்களின் கடன் கணக்கையும் வைப்புக் கணக்கையும் திறக்கும் கடவுச்சொல் அதிலே பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. என்ன தம்பி இது என்று கேட்டோம். "அப்படி எழுதி வைக்கக் கூடாது என்றுதான் பாடத்தில் வந்ததுங்க ஐயா. அந்தக் கேள்விக்குச் சரியாகத்தான் விடை கொடுத்தேன்" என்றார்.

அவர் சொன்னது பொய்யன்று. விடை சரியாகத்தான் இருந்திருக்கும். நூற்றுக்கு நூறு மதிப்பெண்ணும் காகிதத் துண்டும் ஒரே அறையில் இரண்டு முழ இடைவெளியில் இருந்தன. இதைக் குறித்தே இம்மாதம் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறோம்.

வேலை செய்வோருக்குக் கைப்பேசி வாயிலாகவும் கணினி வாயிலாகவும் பாடம் நடத்தும் வழக்கம் இப்போது எங்கும் பரவியிருக்கிறது. தொடக்கக் கடன் சங்கங்கள் 63,000-ஐக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் மாதம் ஒப்புதல் தந்தது. கணினி வந்தால் அதைக் கையாளப் பயிற்சியும் வரவேண்டுமல்லவா? அரசாங்க ஊழியர்களுக்கென்று 2020இல் ஏற்பட்ட கர்மயோகி இயக்கமும் இணையவழிப் பாடங்களையே பெரிதும் நம்பி நடைபெறுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல், காலணித் தொழிற்சாலைகளிலும், அந்நிய நாட்டுக் கொள்முதலாளர்களின் தணிக்கையை முன்னிட்டுத் திரைப்பாடங்கள் புகுந்துவருகின்றன. நாம் இம்முறைக்கு விரோதிகள் அல்லோம். ஊர் ஊராகச் சென்று வகுப்பு நடத்தப் போதிய போதகர்கள் இல்லாத நாட்டில், ஒரே பாடத்தை ஆயிரம் பேர் தத்தம் இடத்திலிருந்தே கேட்கக் கூடுமென்றால் அது பெரிய அனுகூலமே. ஆனால் பாடம் எப்படி அமைக்கப்படுகிறது என்பதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

நம்மையே உதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். ஆண்டு முடிவதற்குள் இத்தனை பாடம் முடித்தாக வேண்டும் என்ற நிலையில், ஓர் இரவு சாப்பாட்டுக்குப் பின் உட்கார்ந்து மூன்று பாடங்களை முடித்தோம். திரையில் வந்த எழுத்துக்களை ஒரு கண்ணாலும், பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த குழந்தையை மறு கண்ணாலும் பார்த்தபடி, 'அடுத்து' என்ற பொத்தானை அமுக்கிக்கொண்டே போனோம். இறுதிக் கேள்விகளில் ஒன்று தவறியது, திரும்ப முயன்றபோது அதே கேள்வி அதே வரிசையில் வந்தது, தேறினோம். அந்த மூன்று பாடங்களும் எதைப்பற்றியவை என்று இன்று கேட்டால், தலைப்புக்களைச் சொல்லுவோம். அதற்குமேல் கேட்காதிருப்பது மரியாதை.

குறை எங்கே இருக்கிறது? பாடம் எழுதுவோர் விஷயத்திலிருந்து தொடங்குகிறார்கள், வேலையிலிருந்து தொடங்குவதில்லை. விதிப் புத்தகத்தையும் சுற்றறிக்கையையும் முன்னால் வைத்துக்கொண்டு அவற்றைத் திரைகளாக வெட்டி அடுக்குகிறார்கள். வேலை செய்பவன் எந்த இடத்தில், எந்த நொடியில், எந்தத் தவற்றைச் செய்கிறான் என்று அவனருகே நின்று பார்த்துவிட்டு எழுதப்பட்ட பாடம் அரிதினும் அரிது.

கடவுச்சொல் விஷயத்தில் பிழை நேர்ந்தால் பணம் போகும். உயிர் போகும் இடமும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. நெசவாளரும் உழவரும் படிக்கும் இப்பத்திரிகையில் தோல் தொழிலின் பேச்சு எதற்கு என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாயிற்று. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்திலும், மேல்விஷாரம் ராணிப்பேட்டை மாவட்டத்திலும் சேர்ந்தன. பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூரிலேயே நின்றன. எல்லைகள் பிரிந்தனவேயன்றிக் குடும்பங்கள் பிரியவில்லை. குடியாத்தத்தில் லுங்கி நெய்பவரின் மகள் விடியற்காலையில் ஷூ கம்பெனிக்குப் பஸ் ஏறுகிறாள். அறுவடை முடிந்தபின் தோல் ஷாப்பில் கூலிக்கு நிற்கும் உழவர் உண்டு. பாலாற்றுப் படுகையில் தோல் கழிவுநீரால் கெட்ட நிலமும் கிணறும் யாருடையவை என்பதை 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் மக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்பளித்தபோது நாடே அறிந்தது. ஆகவே தோல் ஷாப்பில் ஒருவனுக்குச் சரியாகப் பாடம் சொல்லப்படுகிறதா என்பது நம் அங்கத்தினர்களின் வீட்டு விஷயமே.

தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு என்ற உப்பைச் சேர்க்கிறார்கள். அடுத்து வரும் கட்டங்களில் அமிலமும் குரோம் உப்பும் பயன்படுகின்றன. முதற்கட்டத்துக் கழிவுநீரும் பிற்கட்டத்து அமிலநீரும் ஒரே தொட்டியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு கிளம்புகிறது. சேறு நாட்கணக்கில் தேங்கிக் கிடந்தாலும் கிருமிகளின் செயலால் அதே வாயு உண்டாகிச் சேற்றுக்குள் அடங்கியிருக்கும். மண்வெட்டியால் கிளறினால் வெளிப்படும். காற்றைவிடக் கனமானதாகையால் குழியின் அடியிலேயே தங்கும். குழியைச் சுத்தம் செய்ய ஒருவன் இறங்குகிறான், சாய்கிறான். அவனைத் தூக்க இன்னொருவன் இறங்குகிறான், அவனும் சாய்கிறான். மூன்றாமவனும் இறங்குவதுண்டு. இவ்வகை விபத்துக்களில் காப்பாற்றப் போனவர்களே பெரும்பாலும் கூட மாண்டுபோகிறார்கள் என்பது உலகெங்கும் கண்ட உண்மை.

இதற்கு இணையவழிப் பாடம் ஒன்று தயாரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வழக்கம்போல் முதல் திரையில் வாயுவின் இரசாயனக் குறியீடு வரும். இரண்டாவதில் நிறுவனத்தின் கொள்கை விளக்கம். பிறகு சட்டப் பிரிவுகள். பதினைந்தாவது திரையில், கேட்பவன் கொட்டாவி விட்ட பிறகு, 'உரிய பாதுகாப்பு உபகரணமின்றி எவரும் இறங்கலாகாது' என்று ஒரு வரி. கடைசியில் கேள்வி: இவ்வாயுவின் மணம் எத்தகையது? ரோஜா, மண்ணெண்ணெய், அழுகிய முட்டை. மூன்றாவதைத் தொட்டவர் தேறினார்.

அன்பர்கள் இந்தக் கேள்வியைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். விடை சரிதான்; ஆனால் அது கற்பிக்கும் பாடம் கொல்லும் பாடம். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இவ்வாயு இருக்கும்போதே மூக்குக்கு நாற்றம் தெரிகிறது. அளவு ஏறி ஏறத்தாழ நூறு பங்கு ஆகும்போது மோப்பசக்தி மரத்துப்போகிறது. நாற்றம் நின்றுவிட்டதாகத் தோன்றுகிறது. ஐந்நூறு, எழுநூறு பங்கானால் சில நிமிஷங்களில் மனிதன் விழுகிறான். ஆயிரத்தைத் தொட்டால் ஓரிரு மூச்சிலேயே விழுகிறான். 'அழுகிய முட்டை நாற்றம்' என்று மனப்பாடம் செய்து தேறியவன் குழியருகே நின்று முகர்ந்து பார்த்து, நாற்றமில்லை, இறங்கலாம் என்று தீர்மானித்தால், அவனை அனுப்பியது அந்தப் பாடமே.

நம் உழவர்களிடம் மற்றொரு பழக்கம் உண்டு. பாழ்ங்கிணற்றில் இறங்குமுன் கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் இறங்கமாட்டார்கள். மூச்சுக்காற்றுக் குறைவைக் கண்டறியும் நல்ல யுக்தி அது. ஆனால் ஆளைக் கொல்லும் அளவு ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும்போதும் விளக்கு நன்றாகவே எரியும். போதாக்குறைக்கு அது தீப்பற்றும் வாயுவும்கூட. கிராமத்திலிருந்து வந்து தோல் ஷாப்பில் சேர்ந்தவன் இந்த விளக்கு ஞானத்தோடுதான் வருகிறான். அவன் மனத்தில் ஏற்கெனவே குடியிருக்கும் நம்பிக்கை என்ன என்று தெரியாதவர் எழுதும் பாடம், அந்த நம்பிக்கையின் மேலே தண்ணீர்போல் ஓடிப் போய்விடும்.

பின் எப்படி அமைப்பது? நாம் அமைப்பதானால் குறியீட்டையும் கொள்கையையும் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, முதல் திரையிலேயே குழியைக் காட்டுவோம். அந்தத் தொழிற்சாலையின் சொந்தக் குழியைப் படமெடுத்தே காட்டுவோம். உள்ளே கூட வேலை செய்யும் அண்ணன் விழுந்து கிடக்கிறார், மேலே நிற்பது நீங்கள், என்ன செய்வீர்கள்? கேள்வியைக் குரலிலே கேட்க வேண்டும், எழுத்திலே அன்று. தமிழில், உருதுவில், வடக்கேயிருந்து வந்த தொழிலாளருக்கு இந்தியிலும் வங்காளியிலும். இறங்குவேன் என்று ஒருவன் விரலால் தொட்டால் அவனைத் திட்டக் கூடாது. இரண்டாவது ஆளும் விழுவதைக் காட்டிவிட்டு, மறுபடியும் அதே இடத்தில் அவனை நிறுத்த வேண்டும். கூச்சலிடு, ஆளைக் கூப்பிடு, காற்றைச் செலுத்து, மூச்சுக் கருவியும் கயிறும் இல்லாமல் கால் வைக்காதே: இந்த நான்கும் அவன் கைக்கு வரும்வரை அதே காட்சி வெவ்வேறு உருவில் வரட்டும். ஒரு முறை விளக்கு எரிகிறது; ஒரு முறை நாற்றமே இல்லை; ஒரு முறை மேஸ்திரியே இறங்கு என்கிறார். மொத்தம் ஐந்து நிமிஷம் போதும். மறு வாரம் இரண்டு நிமிஷம். அடுத்த மாதம் மீண்டும் இரண்டு நிமிஷம்.

இடைவெளி விட்டுத் திரும்பக் கேட்பது நம் கற்பனையன்று. மனிதன் கற்றதை எவ்வளவு விரைவில் மறக்கிறான் என்பதை ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ் 1885இலேயே தம்மைத் தாமே சோதித்து எழுதினார். 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தனர். ஒரு சாரார் ஒரு பகுதியை நான்கு முறை படித்தனர். மற்றொரு சாரார் ஒரு முறை படித்து, மூன்று முறை புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிஷத்தில் கேட்டபோது படித்தவர்களே மேல். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்தவர்களிடம் நூற்றுக்கு நாற்பது பங்கு எஞ்சியிருந்தது; எழுதிப் பார்த்தவர்களிடம் அறுபத்தோரு பங்கு. திரைப்பாடம் முடிந்த கையோடு பரீட்சை வைத்துச் சான்றிதழ் தருவோர் ஐந்தாவது நிமிஷத்தைத்தான் அளக்கிறார்கள். குழி ஐந்தாவது நிமிஷத்தில் வருவதில்லை.

நெசவாளர்களுக்கு இதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. பாவில் அறுந்த இழையை முடிபோடப் பிள்ளைக்குக் கற்றுத்தரும் தகப்பனார், முடியின் வகைகளைப் பற்றிப் பிரசங்கம் செய்வதில்லை. ஓடும் தறியை நிறுத்தி, தாமே ஓர் இழையை அறுத்துவிட்டு, "கட்டு" என்கிறார். பிள்ளை கட்டியது அவிழ்ந்தால் மறுபடியும் அறுக்கிறார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புது ஆட்களைப் பழக்க ஏற்பட்ட திட்டமும் இதே நான்கு படிகளைத்தான் வகுத்தது: கற்பவனை ஆயத்தம் செய்தல், செய்து காட்டல், செய்யச் சொல்லிப் பார்த்தல், பின்னர் போய்க் கவனித்தல். இன்றைய இணையவழிப் பாடங்களில் பெரும்பாலானவை இரண்டாம் படியோடு நின்றுவிடுகின்றன. காட்டுகிறார்கள்; அதோடு சரி.

ஐக்கிய நாடுகள் தொழில் வளர்ச்சி நிறுவனம் இந்த வாயுவைப் பற்றியே தோல் தொழிலுக்கென்று அசையும் சித்திரங்களால் ஆன பயிற்சிப் பாடம் தயாரித்திருக்கிறது. படத்தால் விளக்கும் இத்தகைய உதவி வரவேற்கத் தக்கதே. ஆயினும் திரையிலுள்ள குழி வேறு, நம் ஷாப்பின் பின்புறத்துக் குழி வேறு. பாடம் பார்த்தபின் மேஸ்திரி பத்துப் பேரையும் குழியருகே அழைத்துப் போய், வாயு அளக்கும் கருவி எங்கே, கயிறு எங்கே, கயிற்றின் மறுமுனையைப் பிடிப்பவன் யார் என்று கேட்டு, மணல் மூட்டையொன்றைக் கயிற்றில் கட்டி இழுக்கச் சொல்ல வேண்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 36ஆம் பிரிவில், நச்சுவாயு உள்ள தொட்டியில் இறங்குபவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் நுனியை வெளியே ஒருவன் பிடித்திருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியது. கயிற்றைப் பிடிக்கும் அந்த வேலையைத் திரை செய்ய முடியாது.

பாடமும் பக்கத்தில் ஒரு மனிதரும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல திருஷ்டாந்தம் உண்டு. 1966ஐ ஒட்டிய ஆண்டுகளில் தஞ்சையில் ஆடுதுறை 27 என்ற நெல் பரவியபோது, திருச்சி வானொலி வாயிலாக அதை அறிந்த உழவர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டார்கள். வானொலியின் கீர்த்தி என்று அதைச் சொல்லி முடிப்பவர்கள் பாதிக் கதையையே சொல்லுகிறார்கள். தஞ்சை அப்போது தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்தில் இருந்தது. கேட்ட உழவருக்கு விதையும் உரமும் கடனும் கிட்ட ஏற்பாடு இருந்தது. கூட்டுறவுச் சங்கங்களுக்கு அதில் பெரும் பங்கு. கேட்டதை மறுநாளே செய்து பார்க்க முடிந்ததால்தான் கேட்டது நின்றது.

நம் காலத்துச் சான்று வேண்டுவோர் கர்நாடகத்தைப் பார்க்கலாம். அங்கே டிஜிட்டல் கிரீன் என்ற முயற்சியில், கிராமத்து உழவர்களையே நடிக்க வைத்துச் சிறு படங்கள் எடுத்து, உள்ளூர்க்காரர் ஒருவர் அதைக் குழுவினருக்குப் போட்டுக் காட்டி, இடையிடையே நிறுத்திக் கேள்வி கேட்டு, பிறகு வயலிலும் போய்ப் பார்த்தார். பதின்மூன்று மாதச் சோதனையில், சில சாகுபடி முறைகளை ஏற்றுக்கொண்டவர்கள் பழைய விரிவாக்க முறையைவிட ஏழு மடங்கு ஆயினர் என்று கண்டார்கள். படத்தை மட்டும் கைப்பேசிக்கு அனுப்பியிருந்தால் இது நடந்திருக்குமா என்பது ஐயமே. அடுத்த ஊர்க்காரர் பேசுவதை மக்கள் நம்புகிறார்கள். கழுத்துப்பட்டை கட்டிய பொம்மை பேசுவதை நம்புவதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். 2015 ஜனவரி 31ஆம் நாள் ராணிப்பேட்டையில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் சேற்றில் அமிழ்ந்து இறந்தார்கள். அவர்களுக்கு எந்தப் பாடம் போதித்திருந்தால் பிழைத்திருப்பார்கள்? எதுவுமில்லை. அங்கே வேண்டியிருந்தது உறுதியான சுவரும், சேற்றுத் தொட்டியை விட்டு விலகிய உறைவிடமும். விபத்து நேரும்போதெல்லாம் 'தொழிலாளர்க்குப் பயிற்சி போதவில்லை' என்று எழுதி முடிப்பது நிர்வாகத்துக்கு மலிவான வழி. ஆகையால் பாடம் அமைக்க உட்காருபவரின் முதல் கேள்வி, இதற்குப் பாடம் மருந்துதானா என்பதாக இருக்க வேண்டும். வாயு அளக்கும் கருவி வாங்காத இடத்தில் அளக்கும் முறையைப் போதிப்பது வீண்.

மற்றுமொன்று: பாடம் யாருடைய நேரத்தில்? ஷூ கம்பெனிப் பெண்கள் விடியலில் புறப்பட்டு இருட்டிய பின் வீடு திரும்புகிறார்கள். அடுப்பு மூட்டும் வேளையில், சொந்தக் கைப்பேசியில், சொந்தப் பணத்தில் இணையம் போட்டுப் பாடம் முடிக்கச் சொல்வது நியாயமன்று. வீட்டில் ஒரே கைப்பேசி இருந்தால் அது பெரும்பாலும் கணவனிடமோ மகனிடமோ இருக்கும். அப்படி முடித்த பாடங்களில் எத்தனையை மகன் முடித்தான் என்று விசாரித்தால் தெரியும். ஐந்து நிமிஷப் பாடத்தை வேலை நேரத்தில், கூலி பிடிக்காமல், ஷெட்டிலேயே வைத்தால் உற்பத்தி குறைந்துவிடும் என்பவர்களுக்கு ஒன்றே சொல்லுவோம்: ஒரு விபத்து நடந்த நாளில் எத்தனை ஜோடி குறைகிறது என்பதையும் அவர்கள் கணக்கில் எழுதட்டும்.

பயிற்சியின் பலனை நான்கு நிலைகளில் அளக்க வேண்டும் என்று டொனால்டு கர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கர் 1959இல் எழுதத் தொடங்கினார்: பயின்றவருக்குப் பிடித்ததா, தெரிந்துகொண்டாரா, வேலையில் நடத்தை மாறிற்றா, நிறுவனத்துக்கு விளைவு கிட்டிற்றா. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், நாம் கண்ட அறிக்கைகள் பெரும்பாலும் முதலிரண்டு நிலைகளோடு நின்றவையே. நமது ஆய்வுக் குறிப்புக்களும் இக்குற்றத்துக்கு உடந்தை. 'பயிற்சி பெற்ற பணியாளர் எண்ணிக்கை' என்று எழுதி ஓர் எண்ணைப் போட்டுவிட்டு மேலே போகிறோம். இனி அந்த எண்ணுக்குப் பக்கத்தில், பயின்ற ஒருவரை நம் கண்ணெதிரே அவ்வேலையைச் செய்யச் சொல்லிக் கண்டதையும் எழுதுவதென்று தீர்மானித்திருக்கிறோம். பால் சங்கத்தில் பாலைச் சோதித்துக் காட்டட்டும். நெசவாளர் சங்கத்தில் பாவு நூலை நிறுத்துக் கொடுத்துச் சேலையை நிறுத்து வாங்கிக் கழிவைக் கணக்கிடட்டும். மேலதிகாரிகள் இதை அதிகப்பிரசங்கித்தனம் என்று கருதினால் ஏற்றுக்கொள்ளுகிறோம்.

பாலாற்றங்கரைக் காரியதரிசியிடமே இதைத் தொடங்கினோம். காகிதத்தைக் கிழிக்கச் சொல்லி, அவரே புதுக் கடவுச்சொல் ஒன்றை அமைத்து, நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்க, நினைவிலிருந்து நான்கு முறை அடித்துக் கணக்கைத் திறந்தார். பத்து நாள் கழித்து, முன்னறிவிப்பின்றி, வேறு வேலையாகப் போனவர்போல் உள்ளே நுழைந்தோம். திரையின் ஓரம் சுத்தமாயிருந்தது. இழுப்பறையிலும் ஒன்றுமில்லை. தட்டுத் தடுமாறாமல் கணக்கைத் திறந்தும் காட்டினார். சுவரில் தொங்கிய காலண்டரின் பின்புறத்தை மட்டும் அன்று நாம் திருப்பிப் பார்க்கவில்லை. அடுத்த முறை பார்ப்போம்.